'ரத்து செய்ய முடியாதது' என்று எழுதிவிட்டால் போதுமா?

தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் எதை எடுத்தாலும், சொத்து விவரத்துக்குச் சற்று முன்னால் இப்படி ஒரு வாசகம் இருக்கும்: "இந்தச் செட்டில்மெண்டை இனி எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்யவோ மாற்றவோ எனக்கு உரிமை இல்லை, அவ்வாறு ரத்து செய்தாலும் அது செல்லத்தக்கதல்ல." தன் சார்பில் சொத்தை நிர்வகிக்கவோ விற்கவோ இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரமாக இருந்தால் தலைப்பிலேயே 'ரத்து செய்ய இயலாத பொது அதிகார ஆவணம்' என்று கொட்டை எழுத்தில் அடித்திருப்பார்கள். ஆங்கிலப் பத்திரத்தில் 'இர்ரெவோக்கபிள்'. எழுதி வாங்குபவருக்கு அந்த வரியைப் படித்ததும் ஒரு தெம்பு. எழுதிக் கொடுப்பவருக்கோ கையெழுத்துப் போடும் நேரத்தில் லேசான உதறல்.

இரண்டு பேருமே அந்தச் சொல்லுக்குத் தகுதிக்கு மீறிய மரியாதை கொடுக்கிறார்கள். பெட்டியின் மேல் 'பூட்டு' என்று எழுதி ஒட்டினால் பெட்டி பூட்டிக்கொள்ளாது. ஒரு ஆவணத்தைத் திரும்பப் பெற முடியுமா முடியாதா என்பதை அது எந்த வகைப் பரிமாற்றம், அதற்கு எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்பதே முடிவு செய்கிறது. பத்திரத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம்.

உயிலை எடுத்துக்கொள்வோம். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, எழுதியவர் சொத்தை உயில் மூலம் கொடுக்கத் தகுதியோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் உயிலை மாற்றலாம், ரத்து செய்யலாம் என்கிறது. "இதுவே என் கடைசி உயில், இதை நான் ஒருபோதும் மாற்ற மாட்டேன்" என்று எழுதிப் பதிவே செய்திருந்தாலும் கதை அதுதான். மறுவாரம் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஒரு வெள்ளைத்தாளில் வேறு உயில் எழுதிக் கையெழுத்திட்டால், பதிவு செய்யாத அந்தத் தாள் பதிவு செய்த பழைய உயிலைத் தள்ளிவிடும். இங்கிலாந்தில் 1609ஆம் ஆண்டிலேயே, வைனியர் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கில், கோக் பிரபு இதைச் சொல்லிவிட்டார்: இயல்பிலேயே திரும்பப் பெறக்கூடிய ஒன்றை, என் வார்த்தையால் நான் திரும்பப் பெற முடியாததாக ஆக்கிவிட முடியாது. அவர் காட்டிய உதாரணமும் உயில்தான். கணவனும் மனைவியும் உடன்பாடு செய்துகொண்டு ஒருவருக்கொருவர் எழுதும் பரஸ்பர உயிலில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஒருவர் இறந்து, மற்றவர் அந்த உயிலின் பலனை அனுபவித்த பிறகு, மிஞ்சியவர் பின்வாங்க முடியாது. அங்கும் கட்டிப்போடுவது அந்த உடன்பாடுதான், சொல் இல்லை.

இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பது ஏற்றுமதியாளர்கள் நாள்தோறும் கையாளும் எல்.சி. திருப்பூரில் பின்னலாடை அனுப்புபவருக்கு, சரியான ஆவணங்களைக் காட்டினால் பணம் தருகிறேன் என்று வெளிநாட்டு வங்கி கொடுக்கும் கடன் உறுதிக் கடிதம். இதற்கு யூ.சி.பி. என்ற சுருக்கப் பெயரில் வழங்கும் பொது விதிகளைப் பாரிஸில் உள்ள சர்வதேச வணிகச் சபை வெளியிடுகிறது. 1983இல் வந்த 400ஆம் எண் விதிகளில், ரத்து செய்ய முடியாதது என்று எழுதாத எல்.சி. ரத்து செய்யக்கூடியதாகவே கருதப்பட்டது. சரக்கு கப்பல் ஏறும் முன் வங்கி கைவிரித்தால் கேட்க நாதியில்லை. 1993இல் வந்த 500ஆம் எண் விதிகள் அதைத் தலைகீழாக்கின: ஒன்றும் எழுதாவிட்டால் ரத்து செய்ய முடியாதது. 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள யூ.சி.பி. 600 இன்னும் ஒரு படி மேலே போய், எல்.சி. என்றாலே ரத்து செய்ய முடியாததுதான் என்று 3ஆம் விதியிலேயே சொல்லிவிட்டது. 10ஆம் விதிப்படி, கொடுத்த வங்கியும், தானும் பணம் தருவதாக உறுதி சேர்த்த இன்னொரு வங்கி இருந்தால் அதுவும், பணம் பெற வேண்டியவரும் ஒப்புக்கொண்டால்தான் திருத்தமோ ரத்தோ நடக்கும். இருந்தும் இன்றுவரை எல்லா எல்.சி.யிலும் அந்தச் சொல் அச்சாகித்தான் வருகிறது. பழக்கதோஷம்.

ஆனால் ரத்து ஆகாது என்பதைப் பணம் வந்தே தீரும் என்று படித்துவிடக் கூடாது. ஆவணங்கள் எல்.சி.யோடு அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும். வங்கிக்குச் சரிபார்க்க 5 வங்கி வேலை நாட்கள். கப்பல் ஏற்றிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன்பு, ஆவணங்கள் போய்ச் சேர வேண்டும். இவற்றைவிடப் பெரிய ஓட்டை, 'இறக்குமதியாளர் கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ் இணைக்க வேண்டும்' என்பது போன்ற நிபந்தனை. அந்த மனிதர் கையெழுத்துப் போட மறுத்தால் எல்.சி. உயிரோடு இருக்கும், பணம் மட்டும் வராது.

உயிலில் அந்தச் சொல்லால் பயனில்லை, எல்.சி.யில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. சிக்கலெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில், நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகங்களில் தினமும் பதிவாகிற செட்டில்மெண்டிலும் பவரிலும்தான்.

முத்திரைச் சட்டம் செட்டில்மெண்டுக்குத் தனி விளக்கம் தந்தாலும், மறுபயன் (பதிலுக்குப் பணமோ பொருளோ) இல்லாமல் எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மெண்ட், ரத்து என்று வரும்போது, 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் தானப் பிரிவுகளுக்குள் வந்து நிற்கும். 122ஆம் பிரிவு கேட்பது மூன்று: கைவசம் இருக்கும் சொத்து, மனமுவந்து மறுபயன் இல்லாமல் கொடுப்பது, பெறுபவர் ஏற்றுக்கொள்வது. 123ஆம் பிரிவு கேட்பது பதிவும், குறைந்தது இரண்டு சாட்சிகளும். பலர் கோட்டை விடுவது ஏற்றுக்கொள்வதில்தான். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஏற்பு நடந்தாக வேண்டும். ஏற்பதற்கு முன் பெறுபவர் இறந்துவிட்டால் தானமே செல்லாது. அப்பா தனியாகப் போய் மகள் பெயருக்கு எழுதிப் பதிவு செய்து, அசலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வரியும் மின் கட்டணமும் தன் பெயரிலேயே கட்டிக்கொண்டிருந்தால், பிறகு அண்ணன் தம்பிகள் "மகளுக்கே தெரியாது, அவர் ஏற்கவே இல்லை" என்று வாதாட இடம் கிடைக்கும். பெறுபவரும் பத்திரத்தில் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவது, அசலை அன்றே வாங்கிக்கொள்வது, உடனே பட்டாவையும் வீட்டு வரியையும் மாற்றுவது ஆகிய மூன்றும் 'ரத்து செய்ய முடியாதது' என்ற வரியைவிடப் பத்து மடங்கு வலுவானவை.

தானம் முறையாக முடிந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கும் வழியை 126ஆம் பிரிவு மிகக் குறுக்கி வைத்திருக்கிறது. கொடுப்பவரின் விருப்பத்தைச் சாராத ஏதோ ஒரு நிகழ்வு நடந்தால் தானம் முறியும் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கலாம். 'பெறுபவரும் அவர் வாரிசுகளும் எனக்கு முன்பே இறந்துவிட்டால் நிலம் எனக்கே திரும்ப வரும்' என்பது சட்டமே தரும் உதாரணம். இல்லாவிட்டால், ஒரு ஒப்பந்தத்தை எந்தக் காரணங்களுக்காக முறிக்கலாமோ அந்தக் காரணங்கள் இருக்க வேண்டும்: மோசடி, மிரட்டல், தகாத செல்வாக்கு, தவறான தகவல். அதிலும் மறுபயன் இல்லை, மறுபயன் கிடைக்காமல் போயிற்று என்ற காரணத்தைச் சட்டம் வெளிப்படையாக விலக்கிவிட்டது. 'என் இஷ்டப்படி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்வேன்' என்று எழுதி வைத்தால் விளைவு வேறு. அந்த அளவுக்குத் தானமே செல்லாமல் போகும். சட்டத்தில் உள்ள இன்னொரு உதாரணம் சுவையானது. ஒருவர் ஒரு லட்சம் ரூபாயைத் தானமாகக் கொடுத்து, அதில் 10,000 ரூபாயைத் தன் விருப்பப்படி திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்கிறார். 90,000 ரூபாய்க்குத் தானம் செல்லும். 10,000 ரூபாய் அவருடையதாகவே இருக்கும்.

ஆக, நிபந்தனையில்லாத செட்டில்மெண்டில் அந்த வரி இல்லாவிட்டாலும் ரத்து செய்ய முடியாது. இருப்பதால் ஒரே ஒரு நன்மை உண்டு. ஆவணம் உயிலா செட்டில்மெண்டா என்ற சண்டை வரும்போது, எழுதியவரின் எண்ணத்தைக் காட்டும் பல குறிப்புகளில் ஒன்றாக அதை நீதிமன்றம் பார்க்கும். அந்தச் சண்டை அடிக்கடி வருகிறது, காரணம் பத்திர நடை. 'என் ஆயுள்வரை நானே ஆண்டு அனுபவித்துக்கொண்டு, என் காலத்துக்குப் பிறகு மேற்படி சொத்தை நீ அடைந்துகொள்ள வேண்டியது' என்று எழுதினால் உரிமை இன்று மாறவில்லை, சாவுக்குப் பிறகுதான் மாறுகிறது. தலைப்பில் செட்டில்மெண்ட் என்று இருந்தாலும் அதை உயில் என்று படிக்க வாய்ப்பு அதிகம். உயில் என்று ஆகிவிட்டால் அதே பத்திரத்தில் உள்ள 'ரத்து செய்ய முடியாது' காற்றில் போய்விடும். 'இன்றுமுதல் மேற்படி சொத்தின் முழு உரிமையும் உன்னைச் சேர்ந்தது; என் ஆயுள்வரை அதில் குடியிருக்கவும் வாடகை பெறவும் மட்டும் எனக்கு உரிமை உண்டு' என்று எழுதினால் அது செட்டில்மெண்ட். சொத்தின் சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, கொடுப்பவரே வைத்துக்கொண்டாலும், ஆயுட்கால அனுபவ உரிமையை ஒதுக்கிக்கொண்டாலும் பதிவு செய்த தானம் செல்லும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. முஸ்லிம்கள் தங்கள் சட்டப்படி கொடுக்கும் தானமான ஹிபாவுக்கு இந்தத் தானப் பிரிவுகள் பொருந்தாது என்று 129ஆம் பிரிவு ஒதுக்கிவிடுகிறது. அங்கே சுவாதீனம் ஒப்படைப்பது கட்டாயம், ஒப்படைக்கும்வரை திரும்பப் பெறலாம்.

ஒரு காலத்தில், மகனோடு மனஸ்தாபம் வந்தால் தந்தை நேராகச் சார்பதிவாளர் அலுவலகம் போய் 'செட்டில்மெண்ட் ரத்து ஆவணம்' ஒன்றைத் தானே எழுதிப் பதிவு செய்துவிட்டு வருவார். வில்லங்கச் சான்றில் அது ஏறும். அதை வைத்து வேறொருவருக்குக் கிரயமும் நடக்கும். ஒரே சொத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். கிரயப் பத்திரங்களில் இப்படி ஒருதலையாக ரத்து செய்வது செல்லாது என்று 2011இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு சொன்னது. 2022 செப்டம்பரில் இன்னொரு முழு அமர்வு, நிபந்தனையற்ற செட்டில்மெண்டுக்கும் அதுவே பொருந்தும், அப்படிப்பட்ட ரத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவுக்கே ஏற்கக் கூடாது என்று தீர்த்தது. ஆகவே பழைய வில்லங்கச் சான்றில் ரத்து ஆவணம் ஒன்று தெரிந்தால், அதில் இரு தரப்புக் கையெழுத்தும் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இரு தரப்பும் மனமொத்துச் சொத்தைத் திருப்ப விரும்பினால், மகன் தந்தைக்குப் புதிதாக ஒரு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பதே சுத்தமான வழி. குடும்ப உறுப்பினர்களுக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், 2023 ஜூலை திருத்தத்தின்படி உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. மனமொப்பவில்லை, ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்கள் என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 'எழுதி வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றவில்லை' என்பது மட்டும் 126ஆம் பிரிவில் காரணமாகாது.

அந்தக் கொடுமைக்குத்தான் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு வந்தது. 60 வயது நிறைந்தவர், தன் அடிப்படை வசதிகளையும் உடல்நலத் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டவர் அப்படிச் செய்ய மறுத்தால், அந்த மாற்றம் மோசடியாலோ மிரட்டலாலோ நடந்ததாகக் கருதப்படும். முதியவர் கோரினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம், மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். பத்திரத்தில் 'எக்காலத்திலும் ரத்து செய்ய முடியாது' என்று எழுதியிருப்பது இதற்குத் தடையில்லை. இங்கே முறிப்பது எழுதியவரின் தன்னிச்சை இல்லை, சட்டம்.

கைகலப்பு நடப்பது 'நிபந்தனை' என்ற சொல்லில். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படியொரு நிபந்தனை இருந்ததை நிரூபித்தே ஆக வேண்டும், அன்பினால் கொடுத்தேன் என்று மட்டும் சொன்னால் போதாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும், சொத்தைத் திருப்பி ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. அதே ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம், அன்பும் பாசமுமே உள்ளுறை நிபந்தனையாகலாம் என்ற அளவுக்குப் போனது. இந்த இழுபறியில் மாட்டிக்கொள்ள விரும்பாத பெற்றோர் நிபந்தனையை வெளிப்படையாக, அளவோடு எழுதிவிட வேண்டும்: எந்த அறையில் குடியிருப்பு, மாதம் எவ்வளவு ரூபாய், மருத்துவச் செலவு யாருடையது, தவறினால் 23ஆம் பிரிவின்படி சொத்து திரும்பும் என்பது. 'என்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது' என்ற மொட்டை வாக்கியம் யாருக்கும் உதவாது. அப்படிச் சொத்தைப் பெற்ற மகனிடமிருந்து அதை வாங்குபவரும் மூலப் பத்திரத்தில் இந்த வரிகளைத் தேட வேண்டும். பராமரிப்பு உரிமை இருப்பது தெரிந்தே வாங்கியிருந்தால் அது அவர்மீதும் பாயும் என்கிறது அதே பிரிவு.

இனி பவர். இங்கேதான் அந்தச் சொல் அதிகமாக விலைபோகிறது, அதிகமாகக் கவிழ்க்கவும் செய்கிறது.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ, பவர் வாங்கியவர் அவருடைய ஏஜென்டாக இருக்கும் உறவு முடிந்துவிடும். அவர் விரும்பினால் முன்பே ரத்தும் செய்யலாம். இதற்கு விதிவிலக்கு 202ஆம் பிரிவு: பவரின் பொருளாக உள்ள சொத்திலேயே ஏஜென்டுக்குச் சொந்த நலன் (தனக்கென ஒரு பங்கோ உரிமையோ) இருந்தால், அந்த நலனைப் பாதிக்கும்படி பவரை முடிக்க முடியாது. சட்டத்தில் உள்ள உதாரணங்கள் இரண்டு. கடன் வாங்கியவர், தன் நிலத்தை விற்று அந்தப் பணத்திலிருந்து கடனைக் கழித்துக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கே அதிகாரம் தருகிறார். இன்னொருவர் 1,000 பேல் பஞ்சை, அதன்மேல் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே அனுப்பி, விற்றுக் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். இந்தப் பவர்களைக் கொடுத்தவரின் மரணம்கூட முடிக்காது. கமிஷனுக்காக விற்றுத் தரும் தரகருக்கு இது பொருந்தாது. அவருடைய நலன் விற்ற பிறகு வரும் கூலியில் இருக்கிறது, சொத்தில் இல்லை.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெங்களூரு வழக்கு இதற்குப் பாடமாக வைக்கத் தக்கது. 1986இல் ஒரு மனை. 10,250 ரூபாய்க்குப் பதிவில்லாத விற்பனை உடன்படிக்கை, அதே நாளில் அதே பெண்மணிக்கு 'ரத்து செய்ய முடியாத' பொது அதிகார ஆவணம். 1997இல் எழுதிக் கொடுத்தவர் இறந்தார். 1998இல் பவரை வைத்து அந்தப் பெண்மணி தன் மகனுக்கே கிரயம் எழுதிப் பதிவு செய்தார். செல்லாது என்றது நீதிமன்றம். பவர் பத்திரத்தில் சொத்தை நிர்வகிக்கவும் விற்கவும் அதிகாரம் இருந்ததே தவிர, ஏஜென்டின் நலனுக்காகக் கொடுத்தது என்று எங்கும் இல்லை. விற்பனை உடன்படிக்கை மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. நலன் இணையாத பவரை 'ரத்து செய்ய முடியாதது' என்ற சொல் காப்பாற்றாது, நலன் இணைந்த பவருக்கு அந்தச் சொல்லே தேவையில்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவர் இறந்த நாளிலேயே அந்தப் பவர் வெறும் காகிதம் ஆகிவிட்டது. பவரால் சொத்தின் உரிமை மாறாது என்பதை 2011இலேயே சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. முழு விலையும் கொடுத்தாயிற்று என்றால் கிரயம் எழுதி வாங்குவதே வழி.

தமிழ்நாட்டில் இந்தத் தவறு பெரும்பாலும் முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிப்பதில் தொடங்குகிறது. பணம் வாங்கிக்கொண்டு விற்கும் அதிகாரம் தரும் பவருக்குத் தீர்வை வேறு, கணிசமாகக் கூடுதல். அதைத் தவிர்க்கப் பத்திரத்தில் 'இதற்காக எவ்விதப் பணமும் பெறவில்லை' என்று எழுதிவிட்டு, தலைப்பில் 'ரத்து செய்ய இயலாத' என்று போடுகிறார்கள். நலன் இருப்பதற்கான ஆதாரத்தை எந்தக் கையால் அழித்தார்களோ அதே கையால் அந்தச் சொல்லை எழுதுகிறார்கள். கூட்டுக் கட்டுமான ஒப்பந்தத்தின்கீழ் பில்டருக்குக் கொடுக்கும் பவரில் நலன் உண்மையாகவே இருக்கக்கூடும். அப்போது ஒப்பந்தத்தின் ஆவண எண்ணும் தேதியும், கொடுத்த தொகையும் கொடுத்த விதமும், பில்டருக்கு வரும் பிரிக்கப்படாத மனைப் பங்கும், இவற்றின் பாதுகாப்புக்காகவே பவர் தரப்படுகிறது என்ற வாசகமும் பவர் பத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். 2012 டிசம்பர் முதல் அசையாச் சொத்து பற்றிய பவர் இங்கே கட்டாயப் பதிவு என்பதால், 20 ரூபாய்த் தாளில் நோட்டரி முத்திரையோடு எழுதிய பவர் கைகொடுக்காது. ஏஜென்ட் கிரயம் எழுதிக் கொடுக்கும்போது, கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கு 30 நாட்களுக்குள் வாங்கிய மருத்துவரின் உயிர்வாழ்ச் சான்றையும் கேட்பார்கள்.

நலன் இணையாத பவரைக் கொடுத்துவிட்டு, தலைப்பைப் பார்த்துப் பயந்து சும்மா இருப்பவர்களும் உண்டு. பயப்பட வேண்டியதில்லை. செட்டில்மெண்டைப் போலன்றி, இதைக் கொடுத்தவர் தனியாகவே ரத்து செய்யலாம். பவர் பதிவான அலுவலகத்திலேயே அதன் ஆவண எண்ணைக் குறிப்பிட்டு ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். அத்தோடு நிற்கக் கூடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, ரத்து ஏஜென்டுக்குத் தெரியும்போதுதான் அவரைக் கட்டுப்படுத்தும், வெளியாருக்குத் தெரியும்போதுதான் வெளியாரைக் கட்டுப்படுத்தும். விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஏஜென்டுக்கு அறிவிப்பு அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அவர் ஏற்கெனவே யாரிடமாவது விலை பேசியிருப்பது தெரிந்தால் அவர்களுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். சொத்து உள்ள ஊரில் விற்பனையாகும் நாளிதழில் பொது அறிவிப்பு கொடுங்கள். அதுவரை அவர் அதிகாரத்துக்குள் செய்து முடித்தவை உங்களைக் கட்டும், அவற்றை 204ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. அசல் பவர் பத்திரத்தைத் திருப்பி வாங்கிவிடுவது எல்லாவற்றையும்விட முக்கியம். அது அவர் கையில் இருக்கும்வரை, ரத்து தெரியாத ஒருவரிடம் அதைக் காட்டி அட்வான்ஸ் வாங்க முடியும். அந்த மூன்றாம் நபரோடு வழக்காட வேண்டியது நீங்கள்தான்.